‘தேர்வு திறக்கவில்லை சார்’: மூடுலில் தகுதி, மறுமுயற்சி விதிகள் எங்கே சிக்குகின்றன?

காலை 10 மணிக்குத் தேர்வு என்றால் 10.02க்கு முதல் அழைப்பு வரும். “சார், எனக்குத் தேர்வு திறக்கவில்லை.” ஒரு கல்லூரியில் மூடுல் (பாடமும் தேர்வும் இணையவழியே நடத்த உதவும் மென்பொருள்) தளத்தைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். மாணவருக்கு அது ஒரே குறை. எனக்கோ அதற்குள் பத்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். அதனால் பதற்றத்தில் கண்ணில் பட்ட அமைப்பையெல்லாம் மாற்றுவதில்லை. மாணவர் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்வேன். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மூடுலில் ஒரு தேர்வுக்கு மூன்று வாசல்கள். வெளிவாசல் ‘ரெஸ்ட்ரிக்ட் ஆக்சஸ்’ என்ற அணுகல் நிபந்தனை. உள்வாசல் தேர்வின் சொந்த அமைப்புகள்: திறக்கும் நேரம், மூடும் நேரம், எத்தனை முயற்சி, எவ்வளவு இடைவெளி, கடவுச்சொல். மூன்றாவது மதிப்பெண் ஏடும் ‘கம்ப்ளீஷன்’ எனப்படும் நிறைவுக் கணக்கும். அடுத்த தேர்வுக்குத் தகுதி உண்டா இல்லையா என்பதை அதுதான் சொல்லும். முதல் மூடுல் 2002இல் வந்தது. வெளிவாசல் நிபந்தனைகள் 2010இல் வந்த 2.0 பதிப்பில்தான் சேர்ந்தன. அதனாலோ என்னவோ, ஒரு வாசலின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஆசிரியர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, பூட்டு ஓர் இடத்தில் இருக்க வேறோர் இடத்தில் சாவி போடுவதுதான்.

திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களைத் தேட வசதியாகத் தமிழ் எழுத்தில் அப்படியே தந்திருக்கிறேன்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. ‘ஸ்விட்ச் ரோல் டு ஸ்டூடன்ட்’ போட்டுப் பார்த்துவிட்டு “எனக்குச் சரியாகத்தான் திறக்கிறது” என்று சொல்லாதீர்கள். அப்போது நீங்கள் பொதுவான ஒரு மாணவர்; அந்தக் குறிப்பிட்ட மாணவரின் குழுவோ, பழைய மதிப்பெண்ணோ, தனிச்சலுகையோ உங்களிடம் இல்லை. ‘லாகின் ஆஸ்’ மூலம் அவர் கணக்கிலேயே நுழைவது துல்லியம். ஆனால் அங்கே தொடங்கும் பொத்தானைத் தொட்டுவிடாதீர்கள். தொட்டால் அவர் பெயரில் ஒரு முயற்சி ஓடத் தொடங்கிவிடும். பிறகு அந்த அழைப்புக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

“தேர்வு பட்டியலிலேயே இல்லை”

பூட்டியிருக்கிறது என்று சொல்லவில்லை, இல்லவே இல்லை என்கிறார். அப்படியானால் உள்வாசலை மறந்துவிடுங்கள். முயற்சி எண்ணிக்கை தீர்ந்தாலும் நேரம் முடிந்தாலும் தேர்வின் பெயர் பாடப்பக்கத்தில் இருக்கத்தான் செய்யும்.

முதலில் மாணவர் அந்தப் பாடத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறாரா, சேர்க்கையின் முடிவுத் தேதி கடந்துவிட்டதா என்று பாருங்கள். பருவம் முடியும் தேதியைச் சேர்க்கைக்கு வைத்துவிட்டு, பருவம் நீட்டிக்கப்பட்டதும் அதை மாற்ற மறந்தால் ஒரு வகுப்பே ஒரே நாளில் காணாமல் போகும். இரண்டாவது, தேர்வையோ அது இருக்கும் பகுதியையோ யாராவது மறைத்து வைத்திருக்கலாம்.

அடிக்கடி நடப்பது மூன்றாவது. அணுகல் நிபந்தனைக்குப் பக்கத்தில் சின்னக் கண் படம் ஒன்று இருக்கிறது. கண் திறந்திருந்தால், நிபந்தனை நிறைவேறாத மாணவருக்குத் தேர்வின் பெயரும் காரணமும் மங்கலாகத் தெரியும். கண்ணின் மேல் கோடு விழுந்திருந்தால் தடயமே இருக்காது. என் வழக்கம், காரணம் இல்லாமல் அந்தக் கண்ணை மூடுவதில்லை. காரணம் தெரிந்த மாணவர் அழைப்பதில்லை. அழைத்தாலும் சரியான கேள்வியோடு அழைப்பார்.

“பெயர் தெரிகிறது, உள்ளே போக முடியவில்லை”

காரணம் கீழேயே எழுதியிருக்கும். குழுவைச் சொன்னால் குழுவைப் பாருங்கள். கோப்பு ஏற்றி மொத்தமாக மாணவர்களைச் சேர்க்கும்போது ஒருவர் விட்டுப்போவது சகஜம்.

பயனர் விவரத்தில் துறையின் பெயரை வைத்து வடிகட்டியிருந்தால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ‘இஸ் ஈக்வல் டு’ என்ற நிபந்தனைக்கு நம்மைப்போல் ஊகிக்கத் தெரியாது. ஒருவர் விவரத்தில் துறையின் முழுப்பெயரும் இன்னொருவருக்குச் சுருக்கமும் இருந்தால் முதலாமவருக்குத் திறக்கும், இரண்டாமவருக்குத் திறக்காது. இதைத் தவிர்க்கத் துறைவாரியாகக் குழு வைத்துக்கொள்வது மேல். குழுப் பட்டியலைக் கண்ணால் சரிபார்க்கலாம், விவரக் கட்டத்தில் ஒளிந்திருக்கும் இடைவெளியைப் பார்க்க முடியாது.

காரணத்தில் ‘மிஸ்ஸிங் ஆக்டிவிட்டி’ என்று வந்தால், எந்தப் பாடத்தையோ தேர்வையோ முடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டீர்களோ அதை யாரோ நீக்கிவிட்டார்கள். இல்லாததை யாராலும் முடிக்க முடியாது. நிபந்தனையை நீக்குங்கள் அல்லது புதிதாகச் சுட்டுங்கள்.

தேதியைச் சொல்கிறதா? 15ஆம் தேதி முழுவதும் எழுதலாம் என்று வகுப்பில் சொல்லிவிட்டு, மூடும் நேரத்தை 15ஆம் தேதி 00:00 என்று வைப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அது 15ஆம் தேதி பிறக்கும் நொடி. 14ஆம் தேதி நள்ளிரவிலேயே கதவு சாத்தப்பட்டுவிடும். 23:59 என்று வைத்தால் இந்தக் குழப்பமே இல்லை. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தபடி படிப்பவர் என்றால் அவர் கணக்கிலுள்ள நேர மண்டலத்தையும் பாருங்கள். தேர்வு திறக்கும் கணம் எல்லோருக்கும் ஒன்றுதான். திரையில் அவரவர் மண்டலத்து மணி காட்டப்படும். மண்டலத்தைத் தவறாக வைத்திருப்பவர் தவறான மணியைப் படித்துவிட்டுத் தாமதமாக வருவார்.

“தேர்ச்சி பெற்றுவிட்டேன், அடுத்த தேர்வு திறக்கவில்லை”

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரே அறிகுறிக்குக் காரணங்கள் பல.

முதல் காரணம் அலகு. தேர்வு அமைப்பில் ‘கிரேடு டு பாஸ்’ என்ற கட்டம் மதிப்பெண்ணைக் கேட்கிறது. அணுகல் நிபந்தனையில் உள்ள ‘கிரேடு’ சதவீதத்தைக் கேட்கிறது. மொத்தம் 50 மதிப்பெண் கொண்ட தேர்வுக்கு 40 சதவீதம் தேர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் 20 என்று எழுத வேண்டும், இரண்டாவதில் 40. முதல் கட்டத்தில் பழக்கதோஷத்தால் 40 என்று எழுதிவிட்டால் தேர்ச்சிக்கு 80 சதவீதம் தேவை என்றாகிவிடும். வகுப்பின் நல்ல மாணவர்கள் பலரும் தோற்றுப்போவார்கள். இரண்டாவதில் 20 என்று எழுதினால் 10 மதிப்பெண் வாங்கியவருக்கும் கதவு திறக்கும். அதைப் பற்றி யாரும் புகார் செய்யமாட்டார்கள் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. தேர்ச்சி மதிப்பெண் மொத்த மதிப்பெண்ணைவிட அதிகமாக இருந்தால் மூடுல் தடுத்துவிடும். 50க்கு 40 என்பது அதன் கண்ணில் தவறே அல்ல.

இரண்டாவது காரணம், திரை காட்டும் முழு எண். 30 கேள்விகள், கேள்விக்கு 1 மதிப்பெண், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு, தேர்ச்சி 12 என்று வையுங்கள். ஒரு மாணவி 14 சரி, 7 தவறு, மீதியை விட்டுவிட்டார். 14இலிருந்து 2.33 போக 11.67. தசம இடங்களைப் பூஜ்யம் என்று வைத்திருந்தால் அவர் திரையில் 12 என்று தெரியும். கணக்கில் இருப்பது 11.67. மாணவி 12 வாங்கியதாகச் சொல்கிறார், கணினி தோற்றதாகச் சொல்கிறது. மூடுல் முழுமையாக்கிக் காட்டுமே தவிர முழுமையாக்கி ஒப்பிடாது. தசம இடங்களை 2 என்று மாற்றுங்கள், சண்டை அடங்கும். அவரைத் தேர்ச்சியாக்க வேண்டுமா என்பது துறை எடுக்க வேண்டிய முடிவு. அதை அமைப்பாளர் தலையில் கட்டாதீர்கள்.

மூன்றாவது, கட்டுரை வகைக் கேள்வி. ஒரே ஒரு கட்டுரைக் கேள்வியை ஆசிரியர் இன்னும் திருத்தவில்லை என்றாலும் அந்த முயற்சிக்கு மொத்த மதிப்பெண் பிறக்காது. மதிப்பெண் இல்லாதபோது தேர்ச்சியும் இல்லை. ‘மேனுவல் கிரேடிங்’ பக்கத்தைத் திறந்தால் யார் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

நான்காவது வேடிக்கையானது. மதிப்பெண் முறை ‘லாஸ்ட் அட்டெம்ப்ட்’ என்றிருக்கிறது. மாணவர் முதல் முயற்சியில் தேர்ச்சி பெற்றார். அடுத்த தேர்வு திறந்தது. இன்னும் நன்றாக வாங்கலாமே என்று இரண்டாம் முறை எழுதி 8 வாங்கினார். இப்போது அவருடைய மதிப்பெண் 8. திறந்திருந்த கதவு மறுபடி மூடிக்கொண்டது. நேற்று எழுதிக்கொண்டிருந்த தேர்வை இன்று காணவில்லை என்று அவர் சொல்வது பொய்யல்ல. தகுதித் தேர்வாகப் பயன்படும் எதற்கும் ‘ஹையஸ்ட் கிரேடு’ வைப்பதே நல்லது.

“தோற்றவருக்கும் திறந்துவிட்டது”

நிபந்தனையில் ‘மஸ்ட் பி மார்க்ட் கம்ப்ளீட்’ என்று இருந்தால் முடித்திருந்தாலே போதும், தோற்றிருந்தாலும் சரி. ‘கம்ப்ளீட் வித் பாஸ் கிரேடு’ என்பதுதான் தேர்ச்சியைக் கேட்கும். அதேபோல் நிறைவு விதியில், தேர்ச்சி அல்லது எல்லா முயற்சிகளும் தீர்ந்திருத்தல் என்றொரு தெரிவு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால், மூன்று முறையும் தோற்றவர் முடித்தவர் கணக்கில் வருவார். அடுத்து ‘ஆல்’, ‘எனி’ என்ற சொற்களைப் பாருங்கள். நான்கு நிபந்தனை போட்டு ‘எனி’ என்று விட்டால் ஒன்று போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒருவருக்கு மட்டும் எல்லாம் திறக்கிறது என்றால், அவருக்கு ஆசிரியர் பொறுப்பு கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வக உதவிக்காக ஒரு மூத்த மாணவரை ஆசிரியராகச் சேர்த்துவிட்டு மறந்திருப்பீர்கள். ஆசிரியருக்கு வெளிவாசல் கிடையாது.

“மறுதேர்வு வைத்தோம், வராதவர்களுக்குத் திறக்கவில்லை”

இதைப் படிக்கவாவது கொஞ்சம் பொறுமை காட்டுங்கள். மறுதேர்வு நாளன்று மிச்சமாகும்.

முதல் தேர்வில் 40 சதவீதத்துக்குக் கீழே வாங்கியவர்களும் அன்று வராதவர்களும் மறுதேர்வு எழுதலாம் என்று துறை முடிவு செய்கிறது. ஆசிரியர் தனியாக ஒரு தேர்வு உருவாக்கி, அணுகல் நிபந்தனையில் ‘முதல் தேர்வின் மதிப்பெண் 40க்குக் குறைவாக இருக்க வேண்டும்’ என்று போடுகிறார். வராதவர் பூஜ்யம் வாங்கியவர்தானே, பூஜ்யம் 40ஐவிடக் குறைவுதானே என்பது அவர் கணக்கு. பேப்பர் பதிவேட்டில் அது சரி. மூடுலில் வராதவருக்குப் பூஜ்யம் இல்லை, மதிப்பெண்ணே இல்லை. மதிப்பெண் நிபந்தனை முதலில் ‘மதிப்பெண் இருக்கிறதா’ என்று பார்க்கிறது. இல்லை என்றால் குறைவா கூடுதலா என்ற கேள்விக்கே போகாமல் ‘நிறைவேறவில்லை’ என்று சொல்லிவிடுகிறது. தோற்றவர்கள் உள்ளே போவார்கள், வராதவர்கள் வெளியே நிற்பார்கள்.

தீர்வு இரண்டு. ஒன்று, முதல் தேர்வு மூடியதும் மதிப்பெண் ஏட்டில் வராதவர்களுக்குக் கையால் பூஜ்யம் போடுவது. செய்யலாம், ஆனால் பின்னால் ஒருவருக்குத் தனி அனுமதி கொடுத்து முதல் தேர்வையே எழுத வைத்தால், கையால் போட்ட பூஜ்யம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ‘ஓவர்ரிடன்’ என்ற குறியை எடுக்கும்வரை புதிய மதிப்பெண் ஏறாது.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. நிபந்தனையைத் தலைகீழாக எழுதுங்கள். ‘ஸ்டூடன்ட் மஸ்ட்’ என்ற இடத்தில் ‘மஸ்ட் நாட்’ தேர்ந்தெடுத்து, ‘மதிப்பெண் 40 அல்லது அதற்கு மேல்’ என்று போடுங்கள். 40ஐ எட்டாதவர் எல்லோரும் தகுதியுள்ளவர்: தோற்றவரும் சரி, வராதவரும் சரி. ஒரே வரியில் இரண்டு கூட்டமும் வந்துவிடும்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் தேர்வில் கட்டுரைக் கேள்வி இருந்து இன்னும் திருத்தப்படவில்லை என்றால், அதை எழுதியவர்களுக்கும் மதிப்பெண் இல்லை. ஆகவே அவர்களுக்கும் மறுதேர்வு திறந்துவிடும். வகுப்பின் முதல் மாணவி மறுதேர்வு எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்க நேரிடும். திருத்தி முடித்த பிறகே மறுதேர்வைத் திறக்கும்படி தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லைக் கோட்டையும் கவனியுங்கள். மேல் எல்லையில் எழுதும் எண் உள்ளடங்காது, கீழ் எல்லையில் எழுதுவது உள்ளடங்கும். சரியாக 40 வாங்கியவர் ‘40க்குக் குறைவு’ என்பதில் வரமாட்டார், ‘40 அல்லது மேல்’ என்பதில் வருவார். இரண்டு தேர்வில் எது அதிகமோ அது மட்டும் சேர வேண்டும் என்றால், மதிப்பெண் ஏட்டில் இரண்டையும் ஒரே வகைக்குள் போட்டு, அந்த வகையின் கணக்கீட்டு முறையை அதிகபட்ச மதிப்பெண் என்று வையுங்கள்.

“தனிச்சலுகை கொடுத்தேன், பலிக்கவில்லை”

‘ஓவர்ரைட்ஸ்’ என்ற தனிச்சலுகைப் பக்கத்தில் ஒரு மாணவருக்கோ குழுவுக்கோ தேர்வின் நேரம், கால வரம்பு, முயற்சி எண்ணிக்கை, கடவுச்சொல் ஆகியவற்றை மாற்றிக் கொடுக்கலாம். மின்சாரம் போய் தேர்வு கெட்டவருக்கு இதுதான் மருந்து. மருந்து பலிக்காமல் போவதற்கு நான் பார்த்த காரணங்கள் நான்கு.

தேர்வில் 2 முயற்சி அனுமதி. இரண்டும் முடிந்துவிட்டன. இன்னொன்று கொடுக்க நினைத்த ஆசிரியர் முயற்சிக் கட்டத்தில் 1 என்று போட்டார். அந்தக் கட்டம் கூடுதலைக் கேட்பதில்லை, மொத்தத்தைக் கேட்கிறது. அவர் செய்தது, இரண்டு முறை எழுதிய மாணவிக்கு இனி ஒரு முறைதான் அனுமதி என்று அறிவித்ததற்குச் சமம். 3 என்று போட வேண்டும். இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் ‘மொத்தம்’ என்று ஓர் ஒட்டுக்காகிதம் எழுதி என் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன்.

அடுத்தது, முயற்சியைக் கூட்டிவிட்டு மூடும் தேதியை அப்படியே விடுவது. தேர்வு நேற்றே மூடிவிட்டது. மூடிய தேர்வில் மூன்றென்ன, முப்பது முயற்சி இருந்தும் பயனில்லை.

மூன்றாவதுதான் முன்னே சொன்ன வாசல் கதை. தேதியைத் தேர்வின் மூடும் நேரத்தில் வைக்காமல் அணுகல் நிபந்தனையில் வைத்திருப்பார்கள். தனிச்சலுகை உள்வாசலை மட்டும் திறக்கும். வெளிவாசல் தேதியை அது தொடாது. ஆசிரியர் சலுகைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி “கொடுத்திருக்கிறேனே” என்பார். மாணவி மங்கலான பெயரைப் படம் எடுத்து அனுப்புவார். இரண்டு படமும் உண்மை. தேர்வுத் தேதிகளை அணுகல் நிபந்தனையில் வைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. வைத்தே ஆக வேண்டும் என்றால் நிபந்தனைகளை ‘எனி’ தொகுதியாக்கி, தேதி அல்லது ‘சலுகை பெற்றோர்’ என்ற குழு, இரண்டில் ஒன்று போதும் என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பழைய சலுகை புதியதை மறைப்பது. ஒரு மாணவருக்குப் பெயர் சொல்லிக் கொடுத்த சலுகை, அவர் இருக்கும் குழுவுக்குக் கொடுத்ததை மிஞ்சும். போன வாரம் உடல்நலமில்லாத ஒருவருக்கு வெள்ளிக்கிழமைவரை நீட்டிப்புக் கொடுத்தீர்கள். இந்த வாரம் குழு முழுவதற்கும் திங்கள்வரை நீட்டித்தீர்கள். எல்லோருக்கும் திங்கள், அவருக்கு மட்டும் வெள்ளி. அவருடைய தனிப்பதிவை நீக்கினால் சரியாகிவிடும். இரண்டு குழுக்களில் இருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. குழுச் சலுகைகள் மோதினால் மாணவருக்கு எது சாதகமோ அதை மூடுல் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு வழி இருக்கிறதே, பழைய முயற்சியை அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அழித்த முயற்சியோடு மாணவர் எழுதிய விடைகளும் போய்விடும். நாளை மறுநாள் அவரே மேல்முறையீடு செய்தால் காட்ட ஒன்றும் இருக்காது.

“காத்திருக்கச் சொல்கிறது” / “இனி முடியாது என்கிறது”

முயற்சிகளுக்கு இடையே கட்டாய இடைவெளி வைக்க இரண்டு கட்டங்கள்: முதல் முயற்சிக்கும் இரண்டாவதற்கும் ஒன்று, அதற்குப் பிறகு வருபவற்றுக்கு இன்னொன்று. முதலாவதை மட்டும் வைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் வைத்ததாக நினைப்பவர்கள் நிறைய. முயற்சி எண்ணிக்கை 1 என்றிருக்கும்போது இந்தக் கட்டங்கள் கண்ணில் படாது. எண்ணிக்கையை உயர்த்திய பிறகே தேடுங்கள்.

இடைவெளி, முந்தைய முயற்சி முடிந்த நேரத்திலிருந்து எண்ணப்படும். கால வரம்புள்ள தேர்வில் சமர்ப்பிப்பு தாமதமாகப் பதிவானாலும், தொடங்கிய நேரத்தோடு கால வரம்பைக் கூட்டிய கணத்தைத் தாண்டி எண்ணாது.

குழப்பம் மூடும் நேரத்தோடு சேரும்போது வருகிறது. வெள்ளி மாலை 5 மணிக்கு மூடும் தேர்வு. இடைவெளி 24 மணி நேரம். வியாழன் மாலை 6 மணிக்கு முதல் முயற்சியை முடித்தவருக்கு அடுத்தது வெள்ளி 6 மணிக்குத்தான். அதற்குள் தேர்வு மூடிவிடும். மூடுல் இதை வியாழனன்றே கணக்குப் போட்டு, காத்திரு என்று சொல்லாமல் இனி வாய்ப்பில்லை என்று சொல்லிவிடும். இரண்டு முயற்சி உண்டு என்று அறிவித்திருக்கிறீர்களே என்று மாணவர் கேட்டால் நியாயம் அவர் பக்கம்தான். இடைவெளியைத் தனிச்சலுகையால் ஒருவருக்கு மட்டும் குறைக்க முடியாது. அந்தப் பக்கத்தில் அதற்கான கட்டமே இல்லை. மூடும் தேதியை அவருக்கு நீட்டிப்பதே வழி.

“எழுதவே இல்லை, ஒரு வாய்ப்பு போய்விட்டது”

முடிவுப் பக்கத்தில் ‘நெவர் சப்மிட்டட்’ என்றிருக்கிறதா? மாணவர் தொடங்கினார், இணைப்பு அறுந்தது, சமர்ப்பிக்கவில்லை. அந்த முயற்சிக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் எண்ணிக்கையில் ஒன்று கழிந்துவிடும்.

காரணம், ‘வென் டைம் எக்ஸ்பயர்ஸ்’ என்ற அமைப்பு. நேரம் முடிந்ததும் தானாகச் சமர்ப்பித்தல், சலுகை நேரம் கொடுத்தல், சமர்ப்பிக்காவிட்டால் கணக்கில் கொள்ளாமை என்று மூன்று தெரிவுகள். கடைசி இரண்டும் மாணவரைக் கைவிடக்கூடியவை. இணைப்பு நம்பகமில்லாத ஊர்களில் முதலாவதைத் தவிர வேறொன்றை வைப்பது கொடுமை. ஏற்கெனவே நேர்ந்துவிட்டவற்றுக்கு, புதிய பதிப்புகளில் அந்த முயற்சியை மறுபடி திறக்கும் பொத்தான் இருக்கிறது. பழைய பதிப்பென்றால் தனிச்சலுகைதான்.

தானாகச் சமர்ப்பிக்கும்படி வைத்திருந்தும் ஒரு மணி நேரமாக ‘இன் புரோகிரஸ்’ என்றே நிற்கிறதா? உலாவியை மூடிவிட்ட மாணவரின் தாளைச் சேர்ப்பது சர்வரில் பின்னணியில் ஓடும் க்ரான் என்ற வேலை. அது நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். நின்றுபோயிருந்தால் நிர்வாகப் பக்கத்தில் எச்சரிக்கை இருக்கும். இது ஆசிரியர் கையில் இல்லை. சர்வரைப் பார்த்துக்கொள்பவரை எழுப்புங்கள்.

“மறுபடி எழுதியதும் மதிப்பெண் குறைந்துவிட்டது”

மதிப்பெண் முறையைப் பாருங்கள். சராசரி என்றோ கடைசி முயற்சி என்றோ இருக்கும். முயற்சி ஒன்று என்று தொடங்கிப் பாதியில் இரண்டாக்கிய தேர்வுகளில் இந்த அமைப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாற்றிச் சேமித்தால் மறுபடி கணக்கிடப்படும்.

இதன் மறுபக்கமும் உண்டு: இரண்டாம் முயற்சியில் வகுப்பே நூறு வாங்குகிறது. மகிழ்ச்சியடையும் முன் ‘ரிவியூ ஆப்ஷன்ஸ்’ பகுதியைப் பாருங்கள். முயற்சி முடிந்த உடனே சரியான விடையைக் காட்டும்படி விட்டிருப்பீர்கள். சரியான விடைக்கான குறியைத் தேர்வு மூடிய பிறகு என்ற நெடுவரிசையில் மட்டும் வையுங்கள். மூடும் தேதியே இல்லாத தேர்வில் அந்த ‘மூடிய பிறகு’ ஒருநாளும் வராது; பிறகு விடை தெரியவில்லை என்ற புகார் வரும்.

பழைய விடைகள் அப்படியே நிரம்பி வருகின்றன என்றால் ‘ஈச் அட்டெம்ப்ட் பில்ட்ஸ் ஆன் தி லாஸ்ட்’ இயங்குகிறது. பயிற்சிக்கு அருமை, தேர்வுக்கு ஆகாது.

“ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கிறோம், வலைமுகவரி சரியில்லை என்கிறது”

ஆய்வகக் கணினியின் முகவரி 192.168 என்று தொடங்குவதைப் பார்த்து, குறிப்பிட்ட முகவரியிலிருந்து மட்டும் தேர்வைத் திறக்கவிடும் அமைப்பில் அதையே எழுதியிருப்பார்கள். தளம் கல்லூரிக்கு உள்ளேயே இருந்தால் அது சரி. வெளியே வாடகை சர்வரில் இருந்தால் அந்த உள்முகவரி அங்கே போய்ச் சேராது. சர்வர் பார்ப்பது கல்லூரியின் பொது முகவரியை. பொது முகவரியைப் போட்டால் திறக்கும். விடுதியும் அதே இணைப்பைப் பயன்படுத்தினால் விடுதி அறையிலும் திறக்கும்.

“போன பருவத்துப் பாடத்தை அப்படியே நகலெடுத்தோம்”

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் மேலே சொன்ன எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்குவேன். நகலில் போன பருவத்துத் தேதிகள் அப்படியே வந்திருக்கலாம். நகலுக்குள் வராத தேர்வைச் சுட்டிய நிபந்தனைகள் முறிந்து நிற்கும். குழுக்கள் புதிது. நகலெடுக்காமல் அதே பாடத்தையே மறுபடி பயன்படுத்தினால் ‘ரீசெட்’ பக்கத்தில் பழைய முயற்சிகளையும் தனிச்சலுகைகளையும் நீக்கவும், பாடத் தொடக்கத் தேதியை மாற்றி மற்றத் தேதிகளை நகர்த்தவும் வசதி உண்டு. நகர்த்தியபின் ஒவ்வொரு தேர்வின் மூடும் நேரத்தையும் கண்ணால் பாருங்கள். நாட்கள் சேர்ந்து நகரும், ஆனால் போன பருவத்துத் திங்கள் இந்தப் பருவத்து ஞாயிறாகியிருக்கலாம். பிறகு, ஒரு சோதனை மாணவர் கணக்கை உருவாக்கி, உண்மையான குழுவில் சேர்த்து, வேண்டுமென்றே ஒருமுறை தோற்றுப் பாருங்கள். மறுதேர்வு அவருக்குத் திறந்தால் அந்த வாரம் நிம்மதியாகக் காபி குடிக்கலாம்.